தாம்பூலப் பைக்குத் தக்காளி நாத்து

குழு: மீனாட்சி வீட்டு உறவுகள்

தேவி: சித்தப்பா அறுபதாம் கல்யாணம் பிப்ரவரி 8. தாம்பூலப் பையில தக்காளி நாத்து வைக்கலாம்னு பேசினோம்ல. 150 பை. எந்த ரகம்னு இன்னைக்கே சொல்லுங்க

செல்வி அத்தை: எவர்சில்வர் கிண்ணம்னுல்ல முடிவாச்சு

பாலு மாமா: உங்க வீட்டு பால் காய்ச்சுக்குக் குடுத்தீங்களே, அந்தக் கிண்ணமா. தரையில வச்சா ஆடும்

செல்வி அத்தை: ஆடுற கிண்ணத்துல ஆறு எடுத்துட்டுப் போனது யாராம்

கார்த்தி: ஆரம்பிச்சாச்சு

பெரியப்பா: நாத்துக்கு 25 நாள் வேணும். ஜனவரி 12-க்குள்ள விதை விழுந்தாகணும். பி.கே.எம் 1 போடலாம். நம்ம பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி ரகம், அன்னஞ்சி தக்காளியில இருந்து எடுத்தது. தட்டையான உருண்டை, காம்புகிட்ட பச்சையா தோள் இருக்கும், நல்ல புளிப்பு. ஒட்டு கிடையாது, பழத்துல விதை எடுத்துப் போட்டா அதே செடி வரும். அடுத்து அர்க்கா ரக்ஷக், பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஐ.ஐ.எச்.ஆர் குடுத்த வீரிய ஒட்டு. இலைச்சுருட்டு வைரஸ், பாக்டீரியா வாடல், இலைக்கருகல் மூணையும் தாங்கும். பழம் 90, 100 கிராம், தோல் கெட்டி, வாரக்கணக்குல வெளிய கிடக்கும். ஆனா அதுல விதை எடுத்துப் போட்டா ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி பிரிஞ்சுரும். மூணாவது செர்ரி தக்காளி, குட்டிப் பழம். அது கொடி மாதிரி ஆறு அடி தாண்டும்.

தேவி: பெரியப்பா ரெண்டு வரில

பெரியப்பா: ரெண்டு வரில சொன்னா செடி செத்துரும்

ஐஸ்வர்யா: 😂

கார்த்தி: செர்ரி போடுங்க. பிப்ரவரில குடுக்குற நாத்து மார்ச் நடுவுல பூக்கும். மதுரை வெயில் 35 தாண்டி, ராத்திரியும் சூடு எறங்கலேன்னா மகரந்தம் கெட்டு பூ காம்போட உதிரும். பெரிய பழ ரகம்தான் மொதல்ல அடி வாங்கும், செர்ரி ஓரளவு பிடிக்கும்

பெரியப்பா: வாங்கிட்டுப் போறவங்க பாதிப் பேர் பிளாட்ல இருக்காங்க. செர்ரிக்கு 15 அங்குலப் பை, பந்தல் கயிறு, வாரா வாரம் பக்கக் கிளை கிள்ளணும். பி.கே.எம்-க்கு 12 அங்குலம், ஒரு குச்சி போதும். கிள்ளவே வேணாம், கிள்ளினா காய்தான் குறையும். வெயிலுக்கு மார்ச்ல இருந்து 50 சதம் நிழல்வலை.

கார்த்தி: நிழல்வலையும் பையில போட்டுக் குடுப்பமா

பாலு மாமா: அதுக்குக் கிண்ணமே மேல்

ஐஸ்வர்யா: சமையக்காரர் கேக்குறார், ரசத்துக்கு நாட்டுத் தக்காளியா பெங்களூர் தக்காளியா

செல்வி அத்தை: நாட்டு. பெங்களூர் தக்காளில ரசம் வச்சா தண்ணிதான்

பெரியப்பா: சரியாச் சொன்ன. கிரேவிக்கு வேணா பெங்களூர், சதை ஜாஸ்தி.

ராஜா மச்சான்: இனிய காலை வணக்கம் 🙏 நல்லதே நடக்கும்

தேவி: மச்சான் மணி மூணு

தேவி: விதை எவ்வளவு, எதுல போடணும்?

பெரியப்பா: ஒரு கிராம்ல 300 விதை பக்கம் இருக்கும். 98 குழி ட்ரே ரெண்டு, 196 குழி. நூத்துக்கு 80 முளைச்சா 156. ட்ரேக்கு 1.2 கிலோ தேங்காய் நார்க்கழிவு. கட்டியா வாங்கினா மூணு தண்ணி அலசிப் பிழியணும், உப்பு நின்னா முளை கருகும். குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். ட்ரேய அடுக்கி பாலித்தீன் போட்டு மூடி வை. அஞ்சு, ஆறு நாள்ல தலை தெரியும். தெரிஞ்ச அன்னைக்கே பிரிச்சு வெளிச்சத்துல வைக்கணும். ஒரு நாள் தள்ளிப்போனா நூல் மாதிரி நீண்டு சாஞ்சுரும்.

கார்த்தி: சாயங்காலம் தண்ணி வேணாம். ராத்திரி ஈரம் நின்னா தண்டு மண்ணுகிட்ட சுருங்கி மடங்கும், நாத்தழுகல். காலையில ஒரு தடவை

தேவி: விதைக்கு டிரைக்கோடெர்மா, அந்த நல்ல பூஞ்சைப் பொடி, கலக்கணுமா?

கார்த்தி: பி.கே.எம்-க்கு கலக்கலாம், கிலோவுக்கு 4 கிராம் கணக்கு, நமக்கு ஒரு சிட்டிகை. கடை விதை சிவப்பு, நீலம்னு சாயம் பூசி வந்தா வேணாம். ஏற்கெனவே பூஞ்சைமருந்து ஏத்தினது, டிரைக்கோடெர்மாவக் கொன்னுரும்

பெரியப்பா: 18ஆம் நாள் தண்ணில கரையுற 19:19:19 உரம் லிட்டருக்கு 5 கிராம். கடைசி நாலு நாள் தண்ணியக் குறை, தண்டு திடமாகும். அப்பத்தான் மண்டபத்துல ஒரு நாள் பையில கிடந்தாலும் வாடாது.

சுந்தரி சித்தி: இந்தச் செய்தி அழிக்கப்பட்டது

செல்வி அத்தை: என்ன சுந்தரி, அழிச்சுட்ட

சுந்தரி சித்தி: ஒண்ணுமில்ல அண்ணி, தப்பா வந்துருச்சு

பாலு மாமா: நான் படிச்சுட்டேன்

தேவி: மாமா ப்ளீஸ். பையில ஒரு துண்டுச்சீட்டு வைக்கணும், என்ன எழுத?

கார்த்தி: நடும்போது கீழ் இலை ரெண்டக் கிள்ளி தண்டு பாதி மண்ணுக்குள்ள போகட்டும், அங்கயும் வேர் விடும். கத்திரி, மிளகாய் இருந்த மண்ணு வேணாம், அதே நோய் ஒட்டிக்கும். வெள்ளை ஈக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்பு, ஒரு லிட்டர் தண்ணி, சாயங்காலம் இலைக்கு அடியில. இலை சுருண்ட பிறகு அடிச்சுப் பிரயோஜனம் இல்ல, பிடுங்கிரணும்

பெரியப்பா: பழத்து அடி கருத்தா பூச்சின்னு மருந்து அடிப்பாங்க, அதையும் எழுது. அது சுண்ணாம்புச் சத்து பழத்துக்குப் போய்ச் சேராதது. ரெண்டு நாள் காயவிட்டு மூணாம் நாள் குடம் குடமா ஊத்தினா அப்படித்தான் ஆகும், பழமும் வெடிக்கும். முட்டை ஓடு போட்டா மக்க மாசக்கணக்காகும், இந்தக் காய்க்கு உதவாது.

தேவி: சீட்டா புத்தகமா 😅

ஐஸ்வர்யா: ஆளுக்கு ஒரு ட்ரேயா போட்டுரலாமே. ஒண்ணு பி.கே.எம், ஒண்ணு செர்ரி

பெரியப்பா: ரெண்டும் ரெட்டை இலைல ஒரே மாதிரி இருக்கும். ட்ரே ஓரத்துல மார்க்கர்ல எழுது. செர்ரி வாங்கினவன் ஒரு குச்சி நட்டுட்டு என்னைத் திட்டுவான்.

கார்த்தி: சீட்டுல ரகம் போட்டுரலாம் பெரியப்பா

பெரியப்பா: பாப்போம்

தேவி: அப்ப ரெண்டு ட்ரே. வெயில் படுற இடம் மேல் மாடிதான். சாவி யார்கிட்ட?

தேவி: மாமா?

செல்வி அத்தை: தண்ணி ஒழுகுதுன்னு பூட்டினவர்கிட்டதான் கேக்கணும்

பாலு மாமா: ட்ரேக்கு அடியில தார்ப்பாய் விரிப்பீங்களா

கார்த்தி: விரிப்போம் மாமா

பாலு மாமா: அத்தகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்

செல்வி அத்தை: கிண்ணத்துக்கு நான் 150 சொல்லியாச்சு