ஆடித் திருவிழா: தலைக்கட்டு வரி

காளி சித்தப்பா: மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டுக்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு, 1500 ரூபாய் என்று ஊர்க்கவுண்டர் சொல்லிவிட்டார். மலையை விட்டுக் கீழே இறங்கிப் போனவர்களும் ஞாயிற்றுக்கிழமைக்குள் தர வேண்டும்.

சுமதி ஒடுகத்தூர்: கீழே இருப்பவர்களுக்குப் பாதி என்றுதானே போன வருடம் பேச்சு?

காளி சித்தப்பா: யார் பேசியது?

ரமேஷ்: 🙈

ராமன் மாமா: இதை வெறும் பணப் பேச்சாகப் பார்க்காதீர்கள். மழையை நம்பிச் சாமை ஒரு போகம், அறுப்பு முடிந்ததும் பாதிப் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடகுக்குக் காப்பி பறிக்கப் போகிறோம், பிள்ளைகள் படிப்புக்கென்று ஒடுகத்தூரில் வாடகைக்கு வந்தவர்கள் ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை கிடைத்ததும் அங்கேயே மனை வாங்கிவிட்டார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பிப்ரவரியில், சரியான காப்பிப் பருவம், நம் ஊரில் எத்தனை கதவு திறந்திருந்தது? கொரோனாவில் தள்ளிப்போனது இப்போது 2027 பிப்ரவரிக்கு வருகிறது, அதே பருவம்தான். மலை ஜவ்வாது ஒன்றுதான். 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-இல் திருப்பத்தூர் பிரிந்தது, ஜமுனாமரத்தூர் சம்பந்தி வேறு மாவட்டம், நாம் வேலூர். நம்மை எங்கே வைத்து எண்ணுவார்கள்?

ரமேஷ்: மாமா, பணம் போட்டாச்சா?

ராமன் மாமா: விஷயத்தைப் பேசு.

செல்வி அத்தை: ரேஷன் கார்டு எங்கே இருக்கிறதோ அங்கே தலைக்கட்டு. முடிந்தது.

சுமதி ஒடுகத்தூர்: கார்டை எப்படி அத்தை மாற்றுவது? பிள்ளைக்கு எஸ்டி சான்றிதழ் வாங்க வேண்டும், மலை விலாசம் இருந்தால்தான் கேள்வி குறைவு.

செல்வி அத்தை: சான்றிதழுக்கு மேலே, வரிக்குக் கீழேயா?

காளி சித்தப்பா: புளி உலுக்கவும் மேலேதான்.

சுமதி ஒடுகத்தூர்: அந்த மரம் எங்கள் அப்பா பங்கு. ஏறி உலுக்கியது யார், மூட்டையைச் சந்தையில் விற்றது யார் என்று இங்கேயே எழுதட்டுமா சித்தப்பா?

ரமேஷ்: பலாப்பழம் பழுத்திருக்கிறதா? இரண்டு எடுத்து வையுங்கள்

செல்வி அத்தை: குரங்கு தின்றது போக ஒன்று இருக்கிறது.

ராமன் மாமா: மேலே இப்போது வயதானவர்களும் ஆடுகளும்தான். பூங்கரகம் தூக்க ஆள் கீழேயிருந்து வர வேண்டும். அப்படியிருக்க முழு வரி கேட்பது

காளி சித்தப்பா: பாதி சொன்னதும் இறங்கி வந்துவிட்டீர்களே மாமா. முதலில் போன வருட பாக்கி.

சுமதி ஒடுகத்தூர்: நான் 750 அனுப்புகிறேன். மீதியைப் பாட்டி சொல்லட்டும்.

செல்வி அத்தை: பாட்டி போனுக்குப் பாறை மேல் ஏறினால்தான் டவர். நாளைக்குக் கேட்கிறேன்.

ரமேஷ்: சனிக்கிழமை ஜீப் எத்தனை மணிக்கு? பின்சீட்டில் இடம் வேண்டும், ஆட்டுக்குப் பக்கத்தில் உட்கார மாட்டேன்