ட்ராஃப்ட் பிக்கைக் கொடுக்கலாமா? ஒரு றப்டர்ஸ் ரசிகனின் அனுபவம்

ஸ்காபரோவில் நான் முடி வெட்டப் போகும் கடையில் கிரிக்கெட்டைவிட ரொறன்ரோவின் NBA கூடைப்பந்து அணியான றப்டர்ஸ் கதைதான் அதிகம். கொஞ்ச வருடமாக ஒரே வழக்கு: 2023 பெப்ரவரியில் சான் அன்டோனியோ அணியிடமிருந்து யாக்கப் பேர்ட்டிலை வாங்க 2024-இன் முதல் சுற்றுப் பிக்கை, அதாவது வருடாந்த ட்ராஃப்டில் புதிய ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை, கொடுத்தது சரியா, பிழையா? முடி வெட்டும் அண்ணை பிழை என்கிறார். நானும் பிழை என்றுதான் சொல்வேன், ஆனால் அவர் சொல்லும் காரணத்துக்காக இல்லை.

அவருக்குப் பிக் என்றால் பொன், எந்தக் காலத்திலும் கைவிடக் கூடாது. சரி, அப்படியானால் 2018-ஐ என்ன செய்வது? கவாய் லெனர்டுக்காக டெரோசனோடும் இதே பேர்ட்டிலோடும் 2019-இன் முதல் சுற்றுப் பிக்கும் சான் அன்டோனியோவுக்குப் போனது. போய் என்ன? அந்தப் பருவம் வெற்றிக் கணக்கில் லீக்கிலேயே இரண்டாவதாக வந்ததால் அந்தப் பிக் 29-ஆவதாக விழுந்தது, கிண்ணமும் ரொறன்ரோவுக்கு வந்தது. லெனர்ட் அடுத்த மாதமே கிளம்பிவிட்டார், அதற்கும் இங்கே யாரும் அழவில்லை.

2023-இல் அப்படி இல்லை. வெல்லப் போகிறோமா, கலைக்கப் போகிறோமா என்று அணிக்கே தெரியாது. 41 வெற்றி, 41 தோல்வி, ப்ளேஓஃப் தகுதி ஆட்டமான ப்ளே-இன்னில் சொந்த மண்ணில் சிக்காகோவிடம் தோற்று வீட்டுக்கு. அந்தக் கோடையில் வான்விலீட் ஹூஸ்டனுக்குப் போனார், ஒரு சதம்கூடத் திரும்பி வரவில்லை. பிறகு அனுனோபியும் 2024 ஜனவரியில் சியாக்கமும் வேறு அணிகளுக்குக் கைமாறினார்கள். யாரோடு சேர்ந்து ஆடவென்று பேர்ட்டிலை வாங்கினார்களோ, ஒரு வருடத்துக்குள் அவர்களில் பாதிப்பேர் இல்லை. எங்கடை ஆட்களுக்குச் சீட்டு தெரியும். முதல் மாதமே கழிவு கூறி எடுக்கிறவனுக்கு அந்தக் காசை எதில் போடப் போகிறான் என்றாவது தெரிந்திருக்க வேண்டும்.

பேர்ட்டிலுக்காகக் கொடுத்த பிக்கின் கணக்கு 2024 மே 12 அன்று, ட்ராஃப்ட் வரிசையைத் தீர்மானிக்கும் லாட்டரியில் வந்தது. அன்னையர் தினம், பெரியம்மா வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். அந்தப் பருவம் றப்டர்ஸுக்கு 25 வெற்றி, 57 தோல்வி, லீக்கில் கடைசியிலிருந்து ஆறாவது அணி. பிக் முதல் ஆறுக்குள் வந்தால் எங்களுக்கு, ஏழிலோ அதற்குப் பின்னோ விழுந்தால் சான் அன்டோனியோவுக்கு. தப்பிக்க வாய்ப்பு 45.8 சதவீதம்.

லாட்டரியில் குலுக்கல் முதல் நான்கு இடங்களுக்கு மட்டும்தான், மிச்சம் தோல்விக் கணக்குப்படி தானாக அமையும். அதனால் 14-இலிருந்து ஒவ்வொரு அட்டையாகத் திருப்பும்போதே மேலே என்ன நடந்திருக்கிறது என்று கணக்குப் போடலாம். பத்தாவதில் அட்லாண்டா வந்திருக்க வேண்டும். அட்லாண்டா மட்டும் மேலே போயிருந்தால் புரூக்ளினின் பிக். வந்ததோ யூட்டா. பெரியம்மாவின் மகன் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டு பேர் பாய்ஞ்சிட்டினம்" என்றான். இரண்டு அணிகள் எங்களைத் தாண்டினால், ஒன்று நாங்களும் முதல் நாலுக்குள் பாய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் எட்டு. இடையில் வேறு இடமே கிடையாது. ஒன்பதாவது மெம்ஃபிஸ். அப்புறம் எட்டு: ரொறன்ரோவின் பிக், சான் அன்டோனியோவின் சொத்து.

அவன் உடனே, "போனது நல்லதுதான்" என்று தொடங்கினான். அந்த வருட ட்ராஃப்ட் பலவீனமானது, கடனை இப்போதே தீர்த்துவிட்டால் அடுத்த வருடத்துப் பிக் கையில் இருக்கும், அதில் எல்லோரும் எதிர்பார்க்கும் இளம் ஆட்டக்காரன் கூப்பர் ஃப்ளாக் வருகிறான் என்று. கேட்க நியாயமான பேச்சு. 2025-இல் ரொறன்ரோவுக்கு ஒன்பதாவது பிக் கிடைத்தது, கொலின் மரே-பொய்ல்ஸ் வந்தார். ஃப்ளாக்கை 1.8 சதவீத வாய்ப்போடு உட்கார்ந்திருந்த டாலஸ் கொண்டுபோனது.

சான் அன்டோனியோவும் அந்த எட்டாவது பிக்கை வைத்துக்கொள்ளவில்லை. ட்ராஃப்ட் இரவிலேயே மின்னசோட்டாவுக்குக் கைமாற்றி, 2031-இன் முதல் சுற்றுப் பிக்கை முக்கியமாக வாங்கிக்கொண்டார்கள். அப்போது ஏழாம் வகுப்பில் இருந்த ஏதோ ஒரு பையன். பேர்ட்டிலுக்கான உண்மையான விலை யாரென்று அண்ணை கேட்டால் இதைத்தான் சொல்கிறேன், அவருக்குக் கோபம் வருகிறது.

பிரண்டன் இங்கிரம் விஷயத்தில் எங்களுக்குள் அவ்வளவு சண்டை இல்லை. 2025 பெப்ரவரியில் அவருக்காக நியூ ஓர்லியன்ஸுக்குக் கொடுத்தது சொந்தப் பிக் அல்ல, சியாக்கத்துக்குப் பதிலாக இந்தியானாவிடம் வாங்கிவைத்திருந்த 2026 பிக். நாங்கள் தோற்றால் அதன் விலை ஏறாது. ஏற்றி இறக்குவது இந்தியானாவின் பாடு. அந்த ஜூனில் இந்தியானா இறுதிப் போட்டி ஆடிக்கொண்டிருந்தபோதே நியூ ஓர்லியன்ஸ் அந்தப் பிக்கை 23-ஆவது பிக்குக்காக இந்தியானாவுக்கே திருப்பிக் கொடுத்தது. சில நாட்களில், ஏழாவது ஆட்டத்தின் முதல் கால்பகுதியில், இந்தியானாவின் நட்சத்திரம் ஹாலிபேர்ட்டனின் குதிகால் தசைநாண் அறுந்தது. அடுத்த பருவம் முழுக்க அவர் இல்லை என்றானது. அவரில்லாமல் இந்தியானா தோற்கத் தோற்க, நியூ ஓர்லியன்ஸ் திருப்பிக் கொடுத்த பிக்கின் விலைதான் ஏறும். இந்தக் கதையை அண்ணைக்கு விவரமாகச் சொன்னேன். கத்தரியை நிறுத்திவிட்டுச் சிரித்தவர், "அப்ப எங்களைவிட மோசமான ஆட்களும் இருக்கினம்" என்றார்.