ரத்த வங்கியில் வேலை செய்பவர்கள் யோசனை சொல்லுங்களேன்

வணக்கம். ஒரு ரத்த வங்கியில் லேப் டெக்னீசியனாக இருக்கிறேன். சம்பளத்திலோ கூட வேலை செய்பவர்களிடமோ குறை இல்லை. ஆனால் செய்கிற வேலை யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பது கண்ணில் படுவதே இல்லை. ஜன்னல் வழியாகச் சீட்டும் சாம்பிளும் வரும். கிராஸ்மேட்ச் (நோயாளியின் ரத்தமும் கொடையாளரின் ரத்தமும் ஒத்துப்போகிறதா என்ற சோதனை) பார்த்து, பொருந்துகிற ரத்தப் பையைக் கொடுத்தனுப்புவேன். அப்புறம் அந்த நோயாளி என்ன ஆனார் என்று யாரும் சொல்வதில்லை. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுக்கு, எடுத்து வைத்த பின் ஆயுள் பெரும்பாலும் 5 நாள்தான்; 22 டிகிரியில் இரவு பகலாக ஆட்டிக்கொண்டே வைத்திருக்க வேண்டும். அவ்வளவு பார்த்துப் பார்த்துக் காத்தும், பை வெளியே போனதோடு சரி.

போன மாதம் தலசீமியா (பிறவியிலேயே வரும் ரத்தக் குறைபாடு) உள்ள ஒரு சிறுமி ஜன்னலில் எட்டிப் பார்த்து, "எனக்கு ரத்தம் எடுத்து வைக்கிறது நீங்கதானா அக்கா?" என்று கேட்டாள். சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளை. அன்றைக்கு முழுக்க எனக்குக் களைப்பே தெரியவில்லை.

சுவீடனில், கொடுத்த ரத்தம் பயன்பட்டதும் கொடையாளருக்குக் குறுஞ்செய்தி போகிறது. அதே மாதிரி, நோயாளியின் பெயர் விவரம் எதுவும் இல்லாமல், வார்டிலிருந்து ஊழியர்களுக்கு ஒரு வரித் தகவல் வருகிற ஏற்பாடு உங்கள் மருத்துவமனையில் உண்டா? முதலில் யாரிடம் பேசினீர்கள், மருத்துவ அதிகாரியிடமா, நர்சிங் கண்காணிப்பாளரிடமா? தலசீமியா பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இங்கே இருந்தால் அவசியம் சொல்லுங்கள்: எங்களைப் போன்றவர்கள் வார்டுக்கு வந்து பிள்ளைகளைப் பார்த்தால் உங்களுக்குச் சங்கடமாக இருக்குமா?