பெயர் சூட்டும் பிணக்கில் கடவுள் எங்கே நிற்கிறார்?

தலவாக்கலைத் தகப்பன்:
எங்கள் மகன் பிறந்து இன்றோடு 33 நாட்களாகின்றன. 31ஆம் நாள் துடக்கு (பிரசவத் தீட்டு) கழித்த பின்பும் பெயர் முடிவாகவில்லை. பிறப்பையோ 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். மாத்தளை முத்துமாரியம்மனுக்கு நேர்ந்து பெற்ற பிள்ளை என்பதால் ‘மாரிமுத்து’ என்றே வைக்க வேண்டும் என்கிறார் என் தந்தை. கத்தோலிக்கரான என் மாமியாரோ, பிரசவ வேளையில் அந்தோனியாரிடம் தாம் மன்றாடியதைச் சொல்லி ‘அந்தோனி’ என்கிறார். மூன்று நாட்களாக இருவரும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான ஒரே லயத்து வீட்டுக்குள் முகம் பார்த்துப் பேசவில்லை. ஆயினும் இந்தப் பிணக்குக்குள்ளேயே இறைவன் இருக்கிறான் என்று நான் நம்புகிறேன். இருவரும் கேட்பது தம் குலத்துப் பெயரை அல்ல. தாம் அழுது கூப்பிட்டபோது யார் செவிசாய்த்தாரோ, அவருடைய பெயரைத்தான்.

பண்டாரவளை ஆசிரியை:
சகோதரரே, உங்கள் பதிவில் ஒருவரைக் காணவில்லை. பிள்ளையைப் பெற்றவள் எந்தப் பெயரை விரும்புகிறாள்? என் மூத்த மகளுக்குப் பெயர் வைத்த நாளில், அம்மன் கனவில் வந்து பெயரைச் சொன்னதாக என் மாமனார் அறிவித்தார். அதன்பின் வீட்டில் எவரும் வாய் திறக்கவில்லை. நான் கர்ப்பகாலம் முழுவதும் மனத்துக்குள் வைத்திருந்த பெயரை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. தெய்வத்தைச் சொல்லி ஒருத்தியின் வாயை அடைத்துவிட்டு, அதைத் தெய்வ சந்நிதி என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியாது.

மாத்தளை முதியவர்:
மகளே, உங்கள் வேதனை நியாயமானது. ஆனால் தெய்வப் பெயர் வைப்பது அதிகாரம் செலுத்த வந்த வழக்கம் அன்று. காசுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டு மானிடப் பெயர் வைக்காதீர்கள், நாரணன் நாமத்தை வையுங்கள் என்று பெரியாழ்வார் பாசுரம் பாசுரமாக வற்புறுத்தும்போது, ‘நாரணன் தம் அன்னை நரகம் புகாள்’ என்கிறார். அங்கே பேறு பெறுபவள் அப்பெயர் தாங்கிய பிள்ளையின் தாய்தான். மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு இறங்கி, தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளை மடுவத்து வாசலில் நின்று மகனை அவள் அழைக்கும் ஒவ்வொரு முறையும் அது ஒரு வழிபாடாகிவிடுகிறது.

ஹட்டன் வாசகர்:
எந்தப் பெயரானாலும் எழுத்தைச் சரிபாருங்கள். ‘மாரியாயி’ என்ற என் பாட்டியின் பெயரைத் தோட்டத் தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் யாரோ ‘மரியாய்’ என்று எழுதிவைத்ததால், ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிப் பணத்துக்காக அவர் பல மாதங்கள் அலைந்தார்.

பண்டாரவளை ஆசிரியை:
முதியவர் ஐயா, அழைக்கப்போகிறவளும் தாய், பேறு பெறுபவளும் தாய் என்றால், தேர்ந்தெடுக்கும் இடத்தில் மட்டும் அவள் ஏன் இல்லை? தலவாக்கலைச் சகோதரரின் மாமியார் வேதம் வாசிப்பவராயின் லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தை அறிந்திருப்பார். தன் பிள்ளையின் பெயர் ‘யோவான்’ என்று எலிசபெத் சொன்னபோது, உங்கள் உறவில் அப்பெயருடையவர் எவருமில்லையே என்று மறுத்த சுற்றத்தார், வாய்பேச முடியாதிருந்த தகப்பன் சகரியாவிடம் சைகையால் கேட்டார்கள். பெற்றவளின் சொல் அவர்களுக்குப் போதவில்லை. ராகேல் உயிர் பிரியும் வேளையில் தன் மகனுக்கு வைத்த ‘பெனோனி’ என்ற பெயரையும் அவள் கணவர் யாக்கோபு ‘பென்யமீன்’ என மாற்றினார்.

தலவாக்கலைத் தகப்பன்:
சகோதரி, எலிசபெத் சொன்ன பெயரையே சகரியா பலகையில் எழுதினார். எழுதிய பின்புதான் அவருடைய நாவின் கட்டு அவிழ்ந்தது. இறைவன் அந்த வீட்டுப் பிணக்கில் இருந்தார் என்பதற்கு அதைவிட எனக்குச் சான்று வேண்டியதில்லை. ஆனால் நான் இதுவரை சகரியாவின் வேலையைச் செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘பெரியவர்கள் முடிவு செய்யட்டும்’ என்று என் மனைவி சொன்னதை நான் சம்மதமென்றே எடுத்துக்கொண்டேன்.

பண்டாரவளை ஆசிரியை:
அவள் சொல்லும் பெயரில் மாரியம்மனும் அந்தோனியாரும் இல்லாதுபோனால்?

தலவாக்கலைத் தகப்பன்:
என் தந்தையின் கோபத்தை நினைக்கையில் அச்சமாகவே இருக்கிறது. இருந்தாலும் அதை அவர் முன்னால் முதலில் சொல்பவன் நானாக இருப்பேன். இன்றிரவு பிள்ளை உறங்கியபின் அவளிடம் கேட்கிறேன்.