சம்பளம் 10ம் திகதி, நெட் பில் 4ம் திகதி: வீட்டு பில்ல நேரத்துக்கு கட்ட என்ன வழி?

மஸ்கெலியா பையன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் கொழும்புல ஒரு ஹார்ட்வெயார் கடையில வேலை செய்றேன், வீடு மஸ்கெலியா பக்கம் தோட்டத்துல. வீட்டுல அம்மாவும் தங்கச்சியும் மட்டும் தான். தங்கச்சி ஏ/எல் பயோ, கிளாஸ் எல்லாம் பின்னேரம் சூம்ல தான் நடக்குது, அதுக்காகவே போன வருஷம் ரவுட்டர் ஒண்ணு எடுத்து குடுத்தேன், மாசம் முடிஞ்ச பிறகு பில் வர்ற கனெக்சன். டீவிக்கு டிஷ் ஒண்ணும் இருக்கு, அது வேற பில்.

பிரச்சினை என்னான்னா பில்லுக்கு கடைசி திகதி 4, 5 அப்படி வருது, அம்மாவுக்கு தோட்டத்து சம்பளம் 10ம் திகதி. நான் மாசக் கடைசியில அம்மா கணக்குக்கு சல்லி போட்டுறேன், ஆனா அத எடுத்து பில் கட்டணும்னா அம்மா டவுனுக்கு போகணும், வேலை நாள்ல போனா அன்னைக்கு அரைப்பேரு, அதாவது அரை நாள் சம்பளம் தான், சில நேரம் அதுவும் விழாது. அதனால அம்மா ஞாயித்துக்கிழமைக்கு தள்ளி வைப்பாங்க, அதுக்குள்ள லைன கட் பண்ணிடுறாங்க. மூணு மாசத்துல ரெண்டு தடவ இப்படி நடந்திரிச்சி. பில் பத்தி வர்ற எஸ்எம்எஸ் எல்லாம் இங்கிலீஷ்ல அம்மா போனுக்கு தான் வருது, அம்மாவுக்கு அது என்னான்னே தெரியாது.

கடைசியா கட் ஆன அன்னைக்கு கெமிஸ்ட்ரி கிளாஸ். தங்கச்சி அம்மா போன எடுத்துக்கிட்டு லயத்துக்கு மேல கோயில் முடக்குக்கு போயிருக்கா, அங்க தான் சிக்னல் நிக்கும். தூத்தல்ல கழுத்துல குடைய இடுக்கிக்கிட்டு, ஒரு கையில போன், முழங்கால்ல கொப்பி, ரெண்டு மணித்தியாலம். அடுத்த நாள் அந்த கொப்பி பக்கத்த போட்டோ எடுத்து அனுப்பினா, பாதி எழுத்து கரைஞ்சி நீலத் தண்ணியா ஓடியிருந்திச்சி. சல்லி இல்லாம இல்ல, கணக்குல கிடந்த சல்லிய நேரத்துக்கு கொண்டு போய் சேக்க முடியாம தான் இப்படி ஆச்சு, அது தான் எனக்கு தாங்கல.

நான் கொழும்புல இருந்தே இத கட்ட ஏலுமா? கனெக்சன் அம்மா பேர்ல இருக்கு. என்கிட்ட கிரெடிட் கார்ட் எல்லாம் இல்ல, சாதாரண சேவிங்ஸ் கணக்கு மட்டும் தான்.

ஹட்டன் கடைக்காரர்:

தம்பி, பில் யார் பேர்ல இருந்தாலும் யாரும் கட்டலாம், எந்த ஊர்ல இருந்தும் கட்டலாம். கனெக்சன் எடுத்த ஊர்ல தான் கட்டணும்னு நம்ம ஆக்கள் நிறைய பேர் நினைச்சிக்கிட்டு இருக்காங்க, அப்படி ஒண்ணும் கிடையாது. நான் ஒம்பது வருஷமா கொமியூனிகேஷன் கடை நடத்துறேன், பில் கட்டுறது தான் பாதி வேலை, அதனால பாத்தத சொல்றேன்.

உங்களுக்கு தேவை அக்கவுண்ட் நம்பர் மட்டும் தான். தங்கச்சிய ஒரு தடவ பில்ல போட்டோ எடுத்து அனுப்ப சொல்லுங்க, அந்த நம்பர உங்க போன்ல சேவ் பண்ணி வையுங்க, மாசா மாசம் அது மாறாது. டெலிபோன் நம்பர் வேற அக்கவுண்ட் நம்பர் வேற, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. எங்க பக்கத்து லைன் நம்பர் 051ல தொடங்கும், நுவரெலியா பக்கம் 052, பதுளை 055, அது லைனோட நம்பர். எங்க கட்டினாலும் எந்த நம்பர கேக்குறாங்கன்னு பாத்து குடுங்க.

அடுத்தது தொகை. பில்லுல ரெண்டு தொகை இருக்கும், ஒண்ணு இந்த மாசத்து கட்டணம், இன்னொண்ணு பழைய பாக்கியும் சேத்து கட்ட வேண்டிய மொத்தம். கடைக்கு வர்றவங்க முக்காவாசி பேர் முதல் தொகைய மட்டும் பாத்து அத கட்டிட்டு போயிடுவாங்க, பாக்கி அப்படியே கிடந்து வளரும், அப்புறம் ஒரு நாள் "மாசா மாசம் கட்டுறேனே ஏன் கட் பண்ணினாங்க"ன்னு வந்து நிப்பாங்க. மொத்தத்த தான் பாக்கணும்.

இன்னொண்ணையும் சொல்லணும். ஒரு தடவ ஒரு வயசான அம்மாவுக்கு பில் கட்டினப்போ நானே ஒரு இலக்கத்த மாத்தி அடிச்சிட்டேன், சல்லி யாரோ ஒருத்தர் கணக்குக்கு போயிடிச்சி. ரிசீட் இருந்ததால திரும்ப எடுக்க முடிஞ்சிச்சி, ஆனா ரெண்டு கிழமை அலைஞ்சேன், அதுவரைக்கும் அவங்க வீட்டுல லைன் இல்ல. அன்னைல இருந்து ஸ்கிரீன்ல விழுற பேர சத்தமா வாசிச்சி காட்டி, அவங்க ஆமான்னு சொன்ன பிறகு தான் பட்டன அமுத்துறது. நீங்க எங்க கட்டினாலும் ரிசீட்ட, இல்லாட்டி எஸ்எம்எஸ்ஸ, அடுத்த பில் வந்து சரி பாக்குற வரைக்கும் அழிக்காதீங்க.

நீங்க கொழும்புல இருக்கீங்க, கட்டுறதுக்கு இடமா இல்ல. ஃபுட் சிட்டி கவுண்டர்ல கட்டலாம், தபால் கந்தோர்ல கட்டலாம், ஈஸி கேஷ், எம்கேஷ் மாதிரி போன்ல காசு வைக்கிற கணக்கு இருந்தா போன்லயே கட்டலாம். கடைசி திகதிக்கு மூணு நாலு நாள் முன்னமே கட்டிடுங்க, சில இடத்துல கட்டுற சல்லி கணக்குல விழ ஒண்ணு ரெண்டு நாள் எடுக்கும், கடைசி நாள் பின்னேரம் கட்டிட்டு அன்னைக்கே விழும்னு நம்ப வேணாம்.

பண்டாரவளை அக்கா:

நான் பேங்க் ஒண்ணுல கவுண்டர்ல இருக்கேன் தம்பி. சேவிங்ஸ் கணக்கு இருந்தாலே போதும், கிரெடிட் கார்ட் தேவையே இல்ல. உங்க பேங்க்குட ஆப்ப போன்ல போட்டு, அதுல பில் பேமண்ட்னு ஒரு இடம் இருக்கும், எஸ்.எல்.டி (ஸ்ரீலங்கா டெலிகொம்), டயலொக் ரெண்டு கம்பெனியும் லிஸ்ட்ல இருக்கும், அக்கவுண்ட் நம்பர ஒரு தடவ சேத்து விட்டா அடுத்த மாசம் தொகைய மட்டும் அடிச்சா சரி. நெட் பில், டிஷ் பில் ரெண்டையும் சேத்து வையுங்க. போயா, ஞாயிறு, ராத்திரின்னு பாக்க தேவையில்ல. கம்பெனிக்காரங்கட சொந்த ஆப் மூலமாவும் பாக்கலாம், பில் எவ்வளவு, டேட்டா எவ்வளவு முடிஞ்சிருக்குன்னு அதுல தெரியும், பேங்க் கார்ட் இருந்தா அங்கயே கட்டியும் விடலாம்.

ஸ்டாண்டிங் ஓர்டர் பத்தி யாராவது சொல்லுவாங்க, அதுல ஒரு விஷயம் கவனிங்க. ஸ்டாண்டிங் ஓர்டர்ங்கிறது நீங்க எழுதி குடுக்கிற ஒரே தொகை மாசா மாசம் போறது, பில் கூடினாலும் அந்த தொகை அப்படியே தான் போகும். 2024 ஜனவரி 1ல இருந்து வட் வரி 15ல இருந்து 18 சதவீதமா கூடிச்சே, அப்போ பழைய தொகைக்கே ஓர்டர் போட்டு வச்சிருந்தவங்க எத்தனை பேர் எங்க கவுண்டருக்கு வந்தாங்க தெரியுமா, மாசம் நூறு ரூவா அளவுல குறைஞ்சி குறைஞ்சி பாக்கி சேந்து போயிருந்திச்சி, அவங்களுக்கு தெரியவே இல்ல. அதனால போட்டா பில்ல விட கொஞ்சம் கூட்டி போடுங்க, மிச்சம் உங்க பில் கணக்குல தான் நிக்கும். அந்த திகதியில பேங்க் கணக்குல சல்லி இல்லாட்டி ஓர்டர் போகாது, அதையும் மறந்திடாதீங்க, உங்களுக்கு சம்பளம் விழுற அடுத்த நாளுக்கு போடுறது தான் நல்லம்.

எஸ்எம்எஸ்ஸுக்கும் ஒரு வழி இருக்கு. கம்பெனிக்கு போன் பண்ணி, எஸ்.எல்.டின்னா 1212, பில் அறிவித்தல் வர்ற நம்பர உங்க நம்பருக்கு மாத்த சொல்லி கேளுங்க. தமிழ்லயே பேசலாம். கனெக்சன் அம்மா பேர்ல இருக்கிறதால அம்மாட ஐடி நம்பர கையில வச்சிக்கிட்டு எடுங்க, அம்மா பக்கத்துல இருந்தா இன்னும் லேசு, லீவுக்கு வீட்டுக்கு போறப்ப செய்யுங்க.

"உங்கட லைன் இன்னைக்கு கட் ஆகும், இந்த லிங்க்ல கட்டுங்க"ன்னு ஏதாவது வந்தா தொடவே வேணாம். போனுக்கு வர்ற ரகசிய இலக்கம், அந்த ஓடிபிய யாருக்கும் சொல்லவும் வேணாம், பேங்க்ல இருந்து பேசுறோம்னு சொன்னாலும் சரி. வருஷம் முழுக்க சேத்தத ஒரு நிமிஷத்துல குடுத்துட்டு வந்து அழுற அம்மாமார நான் நேருல பாக்குறேன், அதனால தான் இத இவ்வளவு அழுத்தி சொல்றேன்.

நானுஓயா காத்து:

என்னைக் கேட்டா பிரீபெய்டுக்கு மாத்துங்க ப்ரோ. பில்லும் இல்ல பாக்கியும் இல்ல. எங்க வீட்டு டிஷ் பிரீபெய்ட் தான், சம்பளம் வந்தா ரீலோட் போடுவோம், இல்லாட்டி நாலு நாள் டீவி இல்லாம இருப்போம், யாரும் சாகப் போறதில்ல. கடன் இல்லாம இருக்கிறது மனசுக்கு ஒரு நிம்மதி.

பண்டாரவளை அக்கா:

டீவிக்கு அது சரி தம்பி, நானும் அத தான் சொல்லுவேன். ஆனா ஏ/எல் படிக்கிற பிள்ளைட நெட்டுக்கு நாலு நாள் இல்லாம இருக்க ஏலாது. பிரீபெய்ட்ல டேட்டா முடிஞ்ச நிமிஷமே கிளாஸ் நடுவுல நிக்கும், அந்த நேரம் ரீலோட் போட யார் இருக்கிறது. நெட் பில்லாவே இருக்கட்டும், டிஷ்ஷ மட்டும் பிரீபெய்டுக்கு மாத்த முடியுமான்னு கேட்டு பாருங்க.

வெலிமடை டீச்சர்:

தம்பி, எல்லாரும் எப்படி கட்டுறதுன்னு சொல்லிட்டாங்க. எனக்கு அந்த திகதி பிரச்சினை தான் முக்கியமா படுது, ஏன்னா நானும் லயத்துல பிறந்து வளந்தவ, 10ம் திகதி சம்பளம் 25ம் திகதி அட்வான்ஸ்ங்கிற கணக்குல தான் எங்க வீடு ஓடிச்சி, கடை பற்று, சீட்டு, நகை வட்டி எல்லாம் அந்த ரெண்டு நாள சுத்தி தான். 4ம் திகதி வர்ற பில் அந்த வீட்டு கணக்குக்குள்ள பொருந்தவே பொருந்தாது.

பில் திகதிய மாத்தி தர சொல்லி கேட்டு பாருங்க, தந்தா நல்லம். தராட்டியும் ஒரு வழி இருக்கு, ஒரு மாசம் முன்னால போயிடுறது. நான் செஞ்சத சொல்றேன். எங்க பில் கிட்டத்தட்ட 2,400 ரூவா. நாலு மாசம் மட்டும் 600 ரூவா கூட்டி 3,000மா கட்டினேன், நாலாவது மாசம் முடியிறப்ப கணக்குல ஒரு முழு பில் காசு முன்கூட்டியே கிடந்திச்சி. பில்லுல பழைய பாக்கி தொகைக்கு முன்னால மைனஸ் போட்டு வரும், அப்படின்னா அவங்க நமக்கு தரணும்னு அர்த்தம். அதுக்குப் பிறகு மாசம் ஒரு தடவ எப்ப கட்டினாலும் சரி, 4ம் திகதி வந்தாலும் ஒண்ணுமில்ல, சம்பளம் வந்த பிறகு 11ம் திகதி கட்டுவேன்.

இதோட அருமை எனக்கு 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்தப்ப தான் விளங்கிச்சி. எங்க பக்கம் மண்சரிவு, ரோடு இல்ல, கரண்ட் இல்ல, டவர் இல்ல. எந்த பேங்க்குக்கு போறது, எந்த ஆப்ப திறக்கிறது. கரண்டும் லைனும் திரும்ப வந்த அன்னைக்கு நெட் தானா வேலை செஞ்சிச்சி, ஏன்னா அந்த ஒரு மாச காசு ஏற்கனவே அங்க இருந்திச்சி. பக்கத்து வீட்டு பிள்ளைங்களும் எங்க வீட்டு திண்ணையில வந்து உக்காந்து தான் ஸ்கூல் வேலை செஞ்சாங்க.

ஒண்ணு கேக்குறேன், அம்மாவ இதுல இருந்து ஒதுக்கிடாதீங்க. நீங்களே கொழும்புல இருந்து கட்டுங்க, ஆனா கட்டின உடனே அம்மாவுக்கு ஒரு கோல் எடுத்து இவ்வளவு கட்டிட்டேன்னு சொல்லுங்க. வீட்டு கலண்டர்ல அந்த திகதிய தங்கச்சி ஒரு வட்டம் போட்டு தொகைய எழுதட்டும். இல்லாட்டி அம்மா பில்ல பாத்து பயந்து யார்கிட்டயாவது கைமாத்து வாங்கி ரெண்டாவது தடவையும் கட்டிடுவாங்க, எங்க அம்மா அப்படி செஞ்சிருக்காங்க.

மஸ்கெலியா பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு எழுதுவீங்கன்னு நினைக்கல. டீச்சர், அம்மா ரெண்டாவது தடவ கட்டுற கதை எங்க வீட்டுலயும் நடந்திருக்கு, போன சித்திரையில.

நேத்து ராத்திரி தங்கச்சி பில் போட்டோ அனுப்பினா. கடைக்காரர் அண்ணே சொன்ன மாதிரி மொத்தத்த பாத்தா பாக்கி 740 ரூவா இருக்கு, நாங்க இத்தனை நாளா இந்த மாச கட்டணத்த மட்டும் தான் கட்டியிருக்கோம். பேங்க் ஆப்ப போட்டு அக்கவுண்ட் நம்பர சேத்தேன், பேர் அம்மா பேர் தான்னு ரெண்டு தடவ பாத்துட்டு பாக்கியும் சேத்து 500 கூட்டி கட்டினேன். கட்டி கொஞ்ச நேரத்துல அம்மா போனுக்கு எஸ்எம்எஸ் போயிரிச்சி, தங்கச்சி வாசிச்சி காட்டியிருக்கா. அம்மா கேட்ட முதல் கேள்வி, "அப்ப இந்த கிழம நான் டவுனுக்கு போக தேவையில்லையா?"

டிஷ் விஷயம் அடுத்த மாசம் பாக்குறேன். பொங்கலுக்கு வீட்டுக்கு போறப்ப அம்மாவ பக்கத்துல வச்சிக்கிட்டு நம்பர மாத்துறதுக்கு கோல் எடுக்கணும், ஐடி அலுமாரியில எங்க இருக்குன்னு இப்பவே தேட சொல்லியிருக்கேன்.

ஹட்டன் கடைக்காரர்:

740க்கு தான் கட் பண்ணியிருக்காங்க தம்பி, நான் நினைச்சது சரி. அடுத்த பில் வந்தா அந்த பாக்கி கழிஞ்சிருக்கான்னு ஒரு தடவ பாத்திடுங்க, கழியலன்னா ரிசீட்டோட உடனே கூப்பிடுங்க, மாசம் கடந்தா தேடுறது கஷ்டம்.