புதுப்பிப்பு: உரை முனையத்தில் பிரெயில் டிஸ்பிளே இயங்குகிறது

தருமபுரியில் உள்ள எங்கள் பயிற்சி மையத்தில், உபுண்டு 22.04 (லினக்ஸ் இயங்குதளம்) கணினியுடன் இணைத்த 40 கட்டப் பிரெயில் டிஸ்பிளேயில் (திரையில் உள்ள எழுத்தை விரலால் தடவிப் படிக்கும் புள்ளிகளாக எழுப்பும் கருவி) ‘திரை உரை நிலையில் இல்லை’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி மட்டுமே வருவதாகக் கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

கேபிளை மாற்றியதில் பயனில்லை. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தி உரை முனையத்துக்கு (சாளரங்கள் இன்றி எழுத்து மட்டும் வரும் திரை) செல்லச் சொன்ன யோசனையே பலித்தது. வரைகலைத் திரைக்கு ஆர்க்கா என்ற திரைவாசிப்பு மென்பொருளின் துணை வேண்டும், உரை முனையத்தையோ பிரெயில் டிஸ்பிளேயை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் (BRLTTY) மென்பொருள் தானே படித்து, உள்நுழைவுக் கோரிக்கையிலிருந்தே எல்லாவற்றையும் விரலுக்குத் தருகிறது, கர்சர் நிற்கும் இடத்தில் 7, 8ஆம் புள்ளிகள் எழுகின்றன. நீண்ட வரியை 40 கட்டங்களாகத் துண்டுதுண்டாகப் படிப்பது எனக்குத் தொல்லையாகத் தெரியவில்லை.

எதிர்பாராத ஒன்று: அதே கணினியில் செருகும் அர்டுயினோ போர்டு (மின்னணுப் பயிற்சிக்கான, நிரல் எழுதி இயக்கும் சிறு பலகை) கணினிக்குத் தெரியாமல் போயிற்று. மலிவான போர்டுகளில் வரும் சிஎச்340 என்ற யூஎஸ்பி இணைப்புச் சிப்பின் அடையாள எண்ணே ஒரு பிரெயில் கருவிக்கும் இருப்பதால், பிஆர்எல்டிடிஒய் போர்டைத் தன்வசம் எடுத்துக்கொள்கிறது. செருகும் கருவியை எந்த மென்பொருள் ஏற்பது என்று சொல்லும் யூடெவ் விதிக் கோப்பில், 1ஏ86, 7523 என்ற அந்த அடையாள எண்களுக்குரிய வரியின் முன் # குறியிட்டு அதைச் செயலிழக்கச் செய்து, கணினியை மறுபடி இயக்கியதும் போர்டு தெரிந்தது. உங்கள் டிஸ்பிளேயும் அதே எண்ணில் வருவதானால் அந்த வரியைத் தொட வேண்டாம்.