நீள்வட்டத் துகளைப் போட்டும் காபி வளையம் விழுகிறதே, ஏன்?

கேள்வி:
1.3 மைக்ரான் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் உருண்டைகளைப் பி.வி.ஏ. (நீரில் கரையும் பாலிவினைல் ஆல்கஹால்) படலத்துக்குள் பொதித்து, சூடான சிலிக்கோன் எண்ணெயில் வைத்து இழுத்தேன். மைக்ரோஸ்கோப்பில் நீள அரிசி மாதிரி தெரிகின்றன. இப்படிப்பட்ட துகள்கள் சொட்டு காய்ந்ததும் சீராகப் படியும் என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் யங்கர், யோத் குழு 2011-இல் காட்டியது. எனக்கோ, காபிச் சொட்டு காய்ந்தால் விழுவது மாதிரி ஓரத்தில் தடித்த வளையம்தான். நீளம் போதவில்லையா?

பதில் 1:
எத்தனை மடங்கு இழுத்தீர்கள்? 2.3 மடங்கு இழுத்தால் நீள அகல விகிதம் 3.5-ஐ ஒட்டி வரும். கிளிப் பக்கத்தில் படலம் ஒழுங்காக நீளாது, நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள்.

கேட்டவர்:
நடுப்பகுதிதான் சார். விகிதம் 3-க்கு மேலேயே இருக்கிறது. படலத்தைச் சுடுநீர், ஐசோபுரோப்பனால் கலவையில் கரைத்து, சென்ட்ரிஃபியூஜில் ஓரிரு தடவை கழுவினேன்.

பதில் 2:
நீளம் போதும். கழுவியதுதான் போதவில்லை என்று நினைக்கிறேன்.

சொட்டின் ஓரம் சீக்கிரம் காய்வதால் உள்ளிருக்கும் நீர் ஓரத்துக்கு ஓடும், துகள்களையும் இழுத்துக்கொண்டு போகும். உருண்டை விளிம்பு வரை போய்ச் சேர்ந்துவிடும். நீள்வட்டத் துகளும் அதே ஓட்டத்தில்தான் கிளம்புகிறது. ஆனால் நீர்ப்பரப்பைத் தொட்டதும் அந்தப் பரப்பை வளைத்துவிடுகிறது. அந்த வளைவால் துகள்கள் ஒன்றையொன்று இழுத்து, பரப்பிலேயே தளர்வான வலையாகக் கோத்துக்கொள்கின்றன. அப்புறம் ஓட்டத்தால் அவற்றை நகர்த்த முடிவதில்லை. பொருள் அதே பாலிஸ்டைரீன், மாறியது உருவம் மட்டும். இந்தத் துறையில் எனக்கு இன்றும் வியப்பு தருவது இதுதான்.

இதெல்லாம் பரப்பு சுத்தமாக இருந்தால்தான். அதே குழு சொட்டில் சோப்பு போன்ற சர்ஃபாக்டன்ட்டைச் சேர்த்தபோது வளையம் திரும்பி வந்தது. மிச்சமிருக்கும் பி.வி.ஏ.வும் நீர்ப்பரப்பில் போய் உட்காரக்கூடியது, துகளின் மேலும் ஒட்டியிருக்கும்.

சென்ட்ரிஃபியூஜ் செய்தபின் மேலே தெளிந்து நிற்கும் நீரைக் குப்பியில் ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்காமல் நின்றால் பி.வி.ஏ. இன்னும் போகவில்லை. வெதுவெதுப்பான அதே கலவையில் திரும்பத் திரும்பக் கழுவி, கடைசியில் வெறும் நீருக்கு மாற்றுங்கள். அடுத்த சொட்டை முழுதும் காயும்வரை விடாமல், மைக்ரோஸ்கோப்பில் ஓரத்தை ஃபோகஸ் செய்து பாருங்கள். துகள்கள் பரப்பில் கூட்டமாக நின்றுவிடுகின்றனவா, விளிம்புக்கு நழுவிப் போகின்றனவா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கேட்டவர்:
குலுக்கினேன் சார், நுரை அப்படியே நிற்கிறது. நன்றாகக் கழுவிவிட்டு ஓரத்தின் படத்தைப் போடுகிறேன்.